டேவ் மெக்கை: கேட்டதும் சொன்னதும்

அண்ணா, ஸ்காட்லாந்துக் கால்பந்து வீரர் டேவ் மெக்கை என்றாலே பில்லி பிரெம்னரின் சட்டையைக் கொத்தாகப் பிடித்து நிற்கும் அந்தப் படம்தான் வருகிறது. அவ்வளவு முரடரா?

அந்தப் படம் அவருக்கே பிடிக்காது, தம்பி. 1966 ஆகஸ்டில் இங்கிலாந்து லீக்கில் அவருடைய டாட்டன்ஹாமும் பிரெம்னரின் லீட்ஸும் மோதிய ஆட்டம். பிரெம்னர் உதைத்தது மெக்கையின் இடது காலில், ஏற்கனவே இரண்டு முறை முறிந்து ஒட்டிய காலில். கோபம் வராமல் இருக்குமா? படத்தில் அந்த உதை இல்லை, கோபம் மட்டும்தான் விழுந்திருக்கிறது. அதை வைத்து அவரைச் சண்டைக்காரர் என்பது அநியாயம். மோதலுக்கு அஞ்சாதவர், சரி. ஆனால் பந்து அவர் சொன்னபடி கேட்கும். ஆட்டம் தொடங்கும் முன் மைதானத்துக்குள் ஓடி வந்து பந்தை வானத்துக்கு உதைப்பார். இறங்கி வருவதைப் பாதத்திலேயே அசையாமல் நிறுத்திவிடுவார். எதிரணிக்காரர்கள் பார்க்க வேண்டும் என்றே செய்வார்.

கால் எப்படி முறிந்தது?

முதல் முறை 1963 டிசம்பரில், ஓல்ட் டிராஃபோர்டில். கோப்பை வென்ற அணிகளுக்கான ஐரோப்பியப் போட்டியில் (கப் வின்னர்ஸ் கோப்பை) மான்செஸ்டர் யுனைடெட்டின் நோயல் கான்ட்வெல்லோடு மோதியபோது. தேறி வந்து, 1964 செப்டம்பரில் ஷ்ரூஸ்பரிக்கு எதிராக ரிசர்வ் அணிக்கு ஆடினார். அதே கால் மறுபடியும் போனது. அப்போது வயது 29. பலரும் அதோடு ஆட்டத்தை விட்டிருப்பார்கள். இவர் 1965-ல் திரும்பி வந்தார். 1967-ல் செல்சியை 2-1 என வென்று, கேப்டனாக இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பையை வாங்கினார். 1961-ல் லீக், கோப்பை இரண்டையும் ஒரே பருவத்தில் வென்ற அணியிலும் இருந்தவர்தான். எனக்கென்னவோ 1967-தான் பெரிது.

அதற்கு முன் ஸ்காட்லாந்தில் எப்படி?

எடின்பரோவில் பிறந்தவர், ஆடியது சொந்த ஊரின் ஹார்ட்ஸ் அணிக்கு. 1956-ல் ஸ்காட்டிஷ் கோப்பை. அப்புறம் 1957-58-ல் அவர் தலைமையில் லீக் பட்டம்: 34 ஆட்டங்களில் 132 கோல், வாங்கியது 29 மட்டுமே. 1959 மார்ச்சில் 32,000 பவுண்டுக்கு டாட்டன்ஹாம் வாங்கியது.

தேசிய அணியில்?

22 ஆட்டங்கள். 1958 உலகக் கோப்பைக்குப் போனார். 1961-ல் வெம்ப்ளியில் இங்கிலாந்திடம் 9-3 என நொறுங்கிய அணியிலும் இருந்தார்.

33 வயதில் இரண்டாம் டிவிஷனுக்குப் போனது ஏன்?

டெர்பி அணியின் மேனேஜர் பிரையன் கிளஃப் நேரில் வந்து கேட்டதால். ஹார்ட்ஸுக்கே திரும்புவதாக இருந்தவரை டெர்பிக்கு இழுத்தார். ஓயாமல் ஓடிப் பழகியவரைப் பின்வரிசையில் நிறுத்தி, இளம் ராய் மெக்ஃபார்லண்டுக்குப் பக்கத்தில் ஆட்டத்தை நடத்தச் சொன்னார். ஓட்டம் குறைந்ததும் அவருடைய பார்வையும் பாஸும் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தன. 1969-ல் டெர்பி முதல் டிவிஷனுக்கு ஏறியது. ஆண்டின் சிறந்த வீரர் விருதை மான்செஸ்டர் சிட்டியின் டோனி புக்குடன் மெக்கை பகிர்ந்துகொண்டார். டெர்பியில் கடைசிப் பருவமான 1970-71-ல், 36 வயதில், 42 லீக் ஆட்டங்களிலும் ஆடினார்.

பிறகு மேனேஜராகவும் இருந்தாராமே?

ஆமாம். 1973-ல் கிளஃப் விலகியபோது டெர்பி வீரர்கள் கொதித்துப் போயிருந்தார்கள். அந்த நேரத்தில்தான் பொறுப்பேற்றார். 1974-75 லீக் பட்டம் டெர்பிக்கே.