பொதுத்தேர்வு இல்லாத வகுப்பில் என்ன கிடைக்கும்?

கேள்வி: காரைக்குடி அருகே ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியையாக இருக்கிறேன். ஒன்பது ஆண்டுகளாக ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்கு ஆங்கிலம். முதுகலை ஆசிரியர் பதவி உயர்வு வரலாம். ‘பொதுத்தேர்வும் இல்லை, பெயரும் இல்லை, அங்கே என்ன கண்டாய்?’ என்கிறார்கள் வீட்டில். இருப்பதா, போவதா?

பதில்: முதலில் கணக்கு. ஒரே பதவியில் 10 ஆண்டு நிறைந்தால் தேர்வு நிலை, 20 ஆண்டில் சிறப்பு நிலை; இரண்டும் பதவி மாறாமலே கிடைக்கும் ஊதிய உயர்வுகள். உங்களுக்கு முதலாவது ஓராண்டுத் தொலைவில் இருக்கிறது. புதிய பதவிக்குப் போனால் இந்தக் கணக்கு அங்கே முதலிலிருந்து தொடங்கும். பதவி உயர்வு வேண்டாம் என்று எழுதிக்கொடுப்பதானால், அது தேர்வு நிலையைப் பாதிக்குமா என்று அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டு எழுத்தில் வாங்குங்கள். வாய்ச்சொல் உதவாது.

இனி வீட்டில் கேட்ட கேள்வி. பத்திலும் பன்னிரண்டிலும் மதிப்பெண் ஆசிரியரைத் துரத்தும். ஆறாம் வகுப்பில் பிள்ளையின் பிழையை உட்கார்ந்து பார்க்க நேரம் உண்டு. ‘ஹீ டீச்சர்’ என்று எழுதுகிறவன் மக்கு அல்ல. ‘அவர் ஆசிரியர்’ என்பதில் ‘இஸ்’ எங்கே இருக்கிறது? ‘பேக்’ என்று தமிழில் எழுதினால் பையா, முதுகா, மூட்டை கட்டுவதா? இது எனக்கு உறைக்கவே ஏழெட்டு ஆண்டுகள் ஆயின. அதன்பின் சிவப்பு மை செலவு குறைந்தது.

ஒருமுறை ஏழாம் வகுப்பை ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறைக்கு அழைத்துப் போனேன். கண்ணாடியின் மேல் அச்சை வைத்து வண்ணச் சிமென்ட்டை ஊற்றுகிறார்கள். உலர்ந்த மணலும் சிமென்ட்டும் தூவி, ஈரக் கலவையால் மூடி, பிறகு தண்ணீரில் ஊறப்போடுகிறார்கள். பார்த்ததை ஆங்கிலத்தில் ஐந்து வரி எழுதச் சொன்னேன். வகுப்பில் வாயே திறக்காத பையன் ஒருவன், பட்டறைத் தொழிலாளியின் மகன், முதலில் முடித்தான். கண்ணாடிக்கு ‘மிரர்’ என்று எழுதியிருந்தான். முகம் பார்ப்பதும் ஜன்னலில் இருப்பதும் மூக்கில் மாட்டுவதும் நமக்குக் கண்ணாடிதானே! மூன்றுக்குமான சொற்களைக் கரும்பலகையில் எழுதிப் போட்டேன். ஓய்வுபெற்ற பிறகு உறவினர்களோடு அங்கே போனபோது, வெளிநாட்டுப் பயணிகளுக்கு அவன்தான் விளக்கிக்கொண்டிருந்தான். ‘கிளாஸ், நாட் மிரர்’ என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பிச் சிரித்தான்.

எல்லாரும் இப்படிக் கண்ணில் படுவதில்லை. பெரும்பாலோர் ஒன்பதாம் வகுப்பிலேயே நம்மை மறந்துவிடுவார்கள், அது இயல்புதான். எனவே பலனை நீங்களே சேர்த்துவையுங்கள். ஜூனில் ஒவ்வொரு பிள்ளையும் எழுதும் முதல் பத்தியைக் கோப்பில் போடுங்கள். ஏப்ரலில் எழுதுவதை அதன் பின்னால் கோத்துவையுங்கள். தேர்வு நிலையும் அதற்குள் நெருங்கிவிடும். கோப்பைப் புரட்டிய பிறகும் மேல்நிலை வகுப்பில் இலக்கியம் நடத்தத்தான் ஆசை என்றால் தாராளமாகப் போங்கள். பெயருக்காக மட்டும் போக வேண்டாம். வீட்டில் மறுபடி கேட்டால் அந்தக் கோப்பை எடுத்துக் காட்டுங்கள்.