அகப்பைக்கு எந்தக் கட்டை? கேள்வி பதில்

மரத்தில் அகப்பை, துடுப்பு, மத்து செதுக்குவது பற்றி வந்த கேள்விகளில் சில. பதில் சொல்பவன் கடலூர்க்காரன். தச்சு வேலை எனக்குத் தொழில் இல்லை, பைத்தியம்.

பிரான்சில் மகள் வீட்டுச் சுவரில் ஐவி கொடி தொடைப் பருமனுக்கு இருக்கிறது, வெட்டப் போகிறார்கள். கரண்டி செய்யலாமா? (புதுச்சேரி)

கத்தி சுலபமாக இறங்கும். ஆனால் துளை நிறைந்த மரம். தண்ணீர் கலந்த மதுவை ஐவிப் பாத்திரத்தில் ஊற்றினால் மது கசிந்துவிடும், தண்ணீர் நிற்கும் என்று பழைய ரோமானிய எழுத்தாளர் கேட்டோ (Cato) எழுதிவைத்தார். நிஜத்தில் இரண்டுமே கசியும்! சாறு சிலருக்கு அரிப்பு தரும், காய் விஷம். குழம்புக்கு வேண்டாம். பொத்தானோ சாவியில் கோக்கும் கட்டையோ செய்யட்டும், கையுறையோடு.

அப்போ நம்மூரில் எது நல்லது?

பூவரசு. யோசிக்கவே வேண்டாம். நாம் பீப்பி ஊதிய அதே மரம். வைரம், அதாவது உள்மரம், சாக்லேட் நிறத்தில் வரும், சாப்பாட்டில் வாடையோ கசப்போ இறங்காது. ஹவாய் தீவுக்காரர்கள் இதை மிலோ என்கிறார்கள். சாப்பாட்டுக் கிண்ணமே இதில் குடைந்தார்கள். அடுத்தது பண்ருட்டிப் பலா, மிருதங்கத்துக்குப் போகிற மரம். பச்சைக் கட்டையில் பால் ஒட்டும், கத்தியில் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். வேம்பு முதல் சில நாள் கசக்கும். எங்கள் வீட்டில் ரசத்தோடு அந்தச் சண்டை முடிந்தது.

செதுக்கி வைத்த கரண்டி நாலே நாளில் வெடித்துவிட்டது. ஏன்?

உருட்டுக் கட்டையின் நடுப்புள்ளியைக் கரண்டிக்குள் விட்டிருப்பீர்கள். நானும் அப்படித்தான் கற்றேன். 2011 டிசம்பர் 30 அன்று 'தானே' புயல் கரை கடந்ததில் முந்திரியும் பலாவும் தோப்புத் தோப்பாகச் சாய்ந்தன. ஒரு பலாக் கிளையை வாங்கி வந்து, ஆசையாக முழுக்கட்டையிலேயே அகப்பை குடைந்தேன். மூன்றாம் நாள் குழிக்கு நடுவே முடி மாதிரி ஒரு கோடு. ஐந்தாம் நாள் அதற்குள் நகம் போனது. மரம் காயும்போது வளர்ச்சி வளையத்தின் போக்கில்தான் அதிகம் சுருங்கும். நடுப்புள்ளி உள்ளே இருந்தால் எங்காவது பிளந்தே தீரும். கட்டையை நடுவில் பிளந்து, அந்தப் புள்ளியைச் சீவி எறியுங்கள். பச்சையாக இருக்கும்போதே பாதி வேலையை முடித்து, சீவிய தூளோடு சாக்கில் சுற்றி நிழலில் இரண்டு வாரம் வையுங்கள். அப்புறம் மீதி. மின்விசிறிக்கு அடியில் வைக்கவே கூடாது.

பிச்சாவரம் பக்கம் தில்லைக் கட்டை ஒன்று ஒதுங்கியிருந்தது. எடுக்கலாமா? (சிதம்பரம்)

வேண்டவே வேண்டாம். தில்லைப் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து, தோலும் கொப்பளிக்கும். அரளிக்கும் எட்டிக்கும் இதே பதில்தான்.

கடைசியில் தேங்காய் எண்ணெய் பூசலாமா?

பூசலாம், ஆனால் அது காயாது. கழுவக் கழுவப் போய்விடும், அடிக்கடி பூச வேண்டும். சமையலுக்கு விற்கிற ஆளி விதை எண்ணெய் காற்றுப் பட்டு இறுகும். உப்புத்தாள் போட்டபின் மெல்லிசாகத் தேய்த்து, சில வாரம் காய விடுங்கள். தேய்த்த துணியை மட்டும் கசக்கி மூலையில் போடாதீர்கள், தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். கொடியில் விரித்துக் காயப்போடுங்கள்.