12 லட்சம் கொடுத்து சீட் வாங்கும் முன் ஸ்டோரேஜ் வேலையைப் பற்றிக் கேளுங்கள்

கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கும் ஒரு தந்தை எழுதியிருக்கிறார். மகள் பிளஸ் டூ முடித்துவிட்டாள், கட்-ஆஃப் எதிர்பார்த்த அளவு வரவில்லை. தனியார் பொறியியல் கல்லூரி ஒன்றில் ஏஐ அண்ட் டேட்டா சயின்ஸ் சீட்டை மேனேஜ்மென்ட் கோட்டாவில் பேசி வைத்திருக்கிறார் மைத்துனர். நான்கு வருடத்துக்கும் சேர்த்து 12 லட்சம். “கடன் வாங்கியாவது சேர்த்துவிடலாமா ஐயா?” என்று கேட்கிறார்.

உங்கள் பதற்றம் புரிகிறது. ஆனாலும் அந்தச் சீட்டை வாங்காதீர்கள். 12 லட்சத்தை 11 சதவீத வட்டிக்கு வாங்கி 10 வருடத்தில் அடைப்பதென்றால் மாதத் தவணை சுமார் 16,500 ரூபாய் வரும். அதைச் சுமக்கப்போவது மைத்துனர் அல்ல, வேலைக்குப் போகும் உங்கள் மகள். கணக்குப் பாடமே பிடிக்கவில்லை என்று அவளே சொல்கிறாள். அந்தப் படிப்போ முழுக்கப் புள்ளியியலையும் கணிதத்தையும் நம்பி நிற்பது.

உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி இருக்கிறது. பட்டறைக் கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்தபோது, அவள் தனியே எடுத்து வைத்திருந்த பிரதியால்தான் ஜிஎஸ்டி பில்கள் தப்பின என்கிறீர்கள். யாரும் சொல்லாமலே அவள் செய்த அந்தக் காரியத்தைச் சம்பளம் கொடுத்துச் செய்யச் சொல்கிற துறை ஒன்று உண்டு: ஸ்டோரேஜ் மற்றும் பேக்கப் நிர்வாகம், அதாவது நிறுவனத்தின் தரவைச் சேமித்து, பிரதி எடுத்துக் காப்பது.

அங்கே என்ன வேலை என்று ஒரு உதாரணத்தில் சொல்கிறேன். ஒரு நிறுவனம் 10 டெராபைட் (ஒரு டெராபைட் என்பது ஆயிரம் ஜிபி) டிஸ்க் பத்து வாங்குகிறது. 100 டெராபைட் வாங்கிவிட்டோம் என்று நிர்வாகம் நினைக்கும். மற்றொன்று கெட்டால் மாற்ற ஒரு டிஸ்க்கை உபரியாக ஒதுக்க வேண்டும். இரண்டு டிஸ்க் கெட்டாலும் தரவு தப்பும்படி பிரித்து எழுதும் ரெய்டு 6 முறையில் அமைத்தால் இரண்டு டிஸ்க் அளவு பாதுகாப்புக்கே போகும். மீதி 70. அதையும் விளிம்புவரை நிரப்பக் கூடாது. 20 சதவீதம் காலியாக விட்டால் நிம்மதியாகப் பயன்படுத்தக் கிடைப்பது 56 டெராபைட்தான். இதை வாங்கும் முன்பே சொல்லத் தெரிந்தவர் இல்லாததால் இரண்டாம் வருடமே அவசர அவசரமாகக் கூடுதல் விலைக்கு வாங்கும் நிறுவனங்கள் ஏராளம். உத்தரவாதக் காலம் முடிந்ததும் ஏஎம்சி எனும் வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தத் தொகையை ஏற்றி, புது இயந்திரமே மலிவு என்று தோன்ற வைக்கும் விற்பனையாளர்களும் உண்டு. மூன்று வருடச் செலவைப் பார்த்துக் கையெழுத்துப் போடாமல், ஏழு வருடச் செலவைக் கணக்கிட்டுப் பேரம் பேசுபவர்தான் அங்கே தேவை. இதற்குக் கூட்டல், கழித்தல், வகுத்தலும் பொறுமையும் போதும்.

தரவை இணையம் வழியே வாடகை இயந்திரத்தில் வைக்கும் கிளவுட் வந்துவிட்டதே, இனி இந்த வேலை எதற்கு என்பார்கள். அமேசான் கிளவுடில் தரவை ஏற்றக் கட்டணமில்லை, இணையம் வழியாக வெளியே எடுக்கும்போது ஜிபி கணக்கில் கட்டணம். அங்கேயே மிக மலிவான காப்பக அடுக்கில் போட்டால், 180 நாளுக்குள் அழித்தாலும் 180 நாளுக்கான பணம் போகும், திரும்ப எடுக்க 12 மணி நேரம்கூட ஆகலாம். எதை எங்கே வைப்பது என்று முடிவு செய்ய ஆள் வேண்டாமா? சட்டமும் சேர்ந்துகொள்கிறது. கம்பெனிகள் சட்டப்படி கணக்குப் புத்தகங்களை 8 நிதியாண்டு காக்க வேண்டும். பணப் பரிவர்த்தனைத் தரவு இந்தியாவிலேயே இருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2018-லேயே உத்தரவிட்டுவிட்டது.

அலட்சியம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை 2025 செப்டம்பரில் தென் கொரியா பார்த்தது. டேஜோன் நகரிலுள்ள அரசுத் தரவு மையம் தீப்பிடித்ததில், அரசு ஊழியர்களின் கோப்புகள் இருந்த ஜி-டிரைவ் அழிந்தது. மொத்தம் 858 டெராபைட். அளவு பெரிதாக இருந்ததால் வெளியே பிரதி எடுக்கவில்லை என்பதுதான் சொல்லப்பட்ட காரணம். தரவைப் பதியும் காந்த நாடா வகையான ஒரு எல்டிஓ-9 டேப்பில் சுருக்காமலே 18 டெராபைட் பிடிக்கும். 48 டேப் போதும், ஒரு அலமாரிகூட நிறையாது. இதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறவில்லை.

தாந்தோணிமலை அரசு கலைக் கல்லூரி உங்கள் ஊரிலேயே இருக்கிறது. கணினி அறிவியல் சார்ந்த பட்டப் படிப்புக்கு அங்கே முதலில் விண்ணப்பியுங்கள். வருடத்துக்குச் சில ஆயிரத்தில் முடியும். வீட்டில் ஒரு பழைய கம்ப்யூட்டர், நான்கு பழைய ஹார்ட் டிஸ்க், இலவச லினக்ஸ் இயங்குதளம் போதும். மூன்று டிஸ்க்கில், ஒன்று கெட்டாலும் தரவு தப்பும் ரெய்டு 5 அமைத்து, ஒன்றை வேண்டுமென்றே பிடுங்கிவிட்டு, நான்காவதைச் செருகி மீட்டுப் பார்க்கட்டும். பேக்கப்பை வேறொரு இயந்திரத்தில் திரும்ப ஏற்ற எவ்வளவு நேரம் ஆனது என்று ஒவ்வொரு முறையும் நோட்டில் எழுதட்டும். நேர்முகத் தேர்வில் அந்த நோட்டு பேசும்.

ஒன்றை மறைக்க மாட்டேன். ஆரம்பத்தில் இரவு ஷிப்ட் இருக்கும். அம்பத்தூரிலோ சிறுசேரியிலோ உள்ள தரவு மையத்தில் திரையைப் பார்த்தபடி உட்கார வேண்டியிருக்கும். பெண் பிள்ளைக்கு இது சரிவருமா என்று உறவினர் கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவள் உங்கள் மகள் மட்டுமே. அவளைக் கேட்காமல் முன்பணம் கட்டாதீர்கள். சான்றிதழ் வகுப்பு என்று பணம் கேட்கும் நிறுவனங்களுக்கும் இப்போது ஒரு ரூபாய் தராதீர்கள். அதைக் கடைசி ஆண்டில் பார்த்துக்கொள்ளலாம்.