டெய்லர் அக்கா பதில்கள்: ஆறு மணிக் காட்சியும் அளவு ஜாக்கெட்டும்

பெங்களூரு அல்சூரில் இருபத்தெட்டு வருடமாக ஜாக்கெட் தைக்கிறேன். சினிமா விமர்சகர் எல்லாம் இல்லை. மாதத்துக்கு இரண்டு படம், சொந்தக் காசில் டிக்கெட். கேள்வி அனுப்பியவர்களில் பாதிப் பேர் ‘பெயர் போடாதீர்கள்’ என்று எழுதியிருக்கிறீர்கள். முதல் காட்சிக்குப் போக ஆபீசில் என்ன பொய் சொன்னீர்கள் என்பதும் அதே கடிதத்தில் இருக்கிறதே, அதனால் இருக்கும். சரி, எல்லாருக்கும் ஊர்ப் பெயர் மட்டும் போட்டிருக்கிறேன்.

அக்கா, ரஜினியின் ‘கூலி’க்குக் காலை ஆறு மணிக் காட்சி போனீர்களா? (ஸ்ரீராமபுரம்)

போனேன். ஆனால் பார்க்கவில்லை.

என் தம்பி மகன் ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறான். தமிழ்நாட்டில் எவ்வளவு பெரிய படமானாலும் முதல் காட்சி காலை ஒன்பது மணிக்குத்தான். 2023 ஜனவரியில் ‘துணிவு’ வெளியான இரவு, சென்னையில் தியேட்டர் முன்னால் லாரி மேல் ஏறி ஆடிய ஒரு ரசிகர் விழுந்து இறந்துபோனார். அதற்கப்புறம் அங்கே விடிகாலைக் காட்சிக்கு அனுமதி கிடைப்பதில்லை. இங்கே அந்தத் தடை இல்லை. அதனால் பெரிய படம் வந்தால் ஓசூர்க்காரர்கள் எல்லையில் இருக்கிற அத்திப்பள்ளி தாண்டி வந்துவிடுகிறார்கள். இவனும் 2025 ஆகஸ்ட் 13 ராத்திரியே வந்துவிட்டான், பன்னிரண்டு வயது மகனையும் கூட்டிக்கொண்டு. “அத்தை, உனக்கும் சேர்த்து டிக்கெட் போட்டுட்டேன்” என்றான். ஒரு டிக்கெட் அறுநூறு ரூபாய். நான் ஒரு லைனிங் ஜாக்கெட் தைத்தால் வாங்குகிற கூலி அதைவிடக் குறைவு.

படத்துக்கு ‘ஏ’ சான்றிதழ் என்பது இவனுக்குத் தெரியும். “அங்கேதான் விடமாட்டாங்க, இங்கே யாரு பாக்கப் போறாங்க” என்று நினைத்திருக்கிறான். வாசலில் இருந்தவர் பையனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தலையை ஆட்டிவிட்டார். பையன் அழவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. கடைசியில் தம்பி மகன் உள்ளே போனான். நானும் பையனும் வீட்டுக்கு நடந்து வந்து இட்லி சாப்பிட்டோம். மத்தியானம் அப்பாவும் மகனும் மெட்ரோவில் ஊருக்குக் கிளம்பினார்கள். பொம்மசந்திரா போகும் மஞ்சள் பாதை திறந்து நாலு நாள்தான் ஆகியிருந்தது. மூன்றே ரயில், இருபத்தைந்து நிமிடத்துக்கு ஒன்று. பையனுக்கு டிரைவர் இல்லாத ரயில் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். உள்ளே டிரைவர் இருந்ததில் அவனுக்கு அன்றைய இரண்டாவது ஏமாற்றம்.

நான் பத்து நாள் கழித்து சாதாரண விலையில் பார்த்தேன். ஆரவாரம் அடங்கின பிறகு பார்த்தது நல்லதாகப் போயிற்று. இளவயது ரஜினி வரும் பகுதியை இன்னொரு தடவை பார்ப்பேன். கன்னட நடிகர் உபேந்திரா வந்தபோது விசில் அடித்தது நம் ஊர்தான். கன்னட நடிகை ரச்சிதா ராம் யாரும் எதிர்பார்க்காத இடத்தில் வந்து அடித்துவிட்டுப் போனார். ஆனால் ஒவ்வொரு மாநிலத்திலிருந்தும் ஒரு நட்சத்திரத்தைக் கூட்டி வந்து, எல்லாருக்கும் ஒரு அறிமுகக் காட்சி கொடுத்ததில், தேவாவாக வரும் ரஜினி எதற்காக அலைகிறார் என்பதே நடுவில் எனக்கு மறந்துவிட்டது. ஒரே ஜாக்கெட்டுக்கு ஆறு கலரில் பைப்பிங் கேட்பவர்கள் உண்டு. தைத்துக் கொடுப்பேன். நன்றாக இருக்கிறதா என்று மட்டும் என்னைக் கேட்கக் கூடாது.

டிக்கெட் 200 ரூபாய்க்கு மேல் கூடாது என்று கர்நாடகத்தில் சட்டம் வந்ததே, என்ன ஆயிற்று? (எலெக்ட்ரானிக் சிட்டி)

வந்தது, பதினோரு நாள் இருந்தது. 2025 செப்டம்பர் 12-ல் அரசு விதியை அறிவித்தது. எல்லா மொழிப் படத்துக்கும், மல்டிபிளெக்ஸ் உட்பட எல்லாத் தியேட்டருக்கும் 200 ரூபாய், வரி தனி. எழுபத்தைந்து சீட்டோ அதற்குக் குறைவாகவோ உள்ள சொகுசு அரங்குகளுக்கு மட்டும் விலக்கு. செப்டம்பர் 23-ல் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை கொடுத்துவிட்டது. அந்தப் பதினோரு நாளில் நான் ஒரு படம்கூடப் பார்க்கவில்லை. நவராத்திரி ஆர்டர்! சென்னையில் மல்டிபிளெக்ஸில் 190 ரூபாய்க்குப் பார்க்கிற என் தங்கையிடம் இங்கத்திய விலையை நான் சொல்வதே இல்லை, சிரிப்பாள்.

‘தக் லைஃப்’ இங்கே வெளியாகவே இல்லையே, பார்த்தீர்களா? (விவேக் நகர்)

பார்த்தேன், ஓசூரில். ஆகஸ்டில் ஓசூர் இங்கே வந்தது என்று மேலே சொன்னேன் அல்லவா, ஜூனில் நாங்கள் அங்கே போனோம். தமிழிலிருந்து பிறந்ததுதான் கன்னடம் என்று கமல் பேச, மன்னிப்புக் கேட்காவிட்டால் படம் இங்கே வராது என்று கர்நாடக சினிமாக்காரர்களின் சங்கமான ஃபிலிம் சேம்பர் சொல்ல, ஜூன் 5-ஆம் தேதி நாடு முழுக்க வெளியானது, இங்கே மட்டும் இல்லை. படத்தைத் தடுக்கக் கூடாது, பாதுகாப்புக் கொடுங்கள் என்று உச்ச நீதிமன்றம் சொன்னபோது ஜூன் பாதி தாண்டிவிட்டது. அதற்குள் படத்தின் சூடும் ஆறிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை சாந்தி நகரிலிருந்து பஸ் ஏறினோம். நான், பக்கத்து வீட்டு அக்கா, என் கடையில் காஜா எடுக்கிற பெண். அவள் மண்டியாக்காரி, வீட்டில் கன்னடம். “கமல் சொன்னது தப்பு அக்கா, ஆனா படம் பாக்கணும்” என்றாள். எனக்கும் கிட்டத்தட்ட அதே கருத்துதான். மொழிக்கு யார் அம்மா என்பதைப் படித்தவர்கள் உட்கார்ந்து பேசட்டும், படம் விற்கிற மேடையில் எதற்கு?

‘நாயகன்’ வந்து 38 வருடம் கழித்து மணிரத்னமும் கமலும் சேர்கிறார்கள் என்றுதான் அவ்வளவு தூரம் போனது. இடைவேளைக்குப் பிறகு பக்கத்து வீட்டு அக்கா தூங்கிவிட்டார். நான் எழுப்பவில்லை. திரும்பும் வழியில் ஓசூர் பஸ் ஸ்டாண்டில் மூன்று பேரும் சுடச்சுட வாழைக்காய் பஜ்ஜி சாப்பிட்டோம். அந்த நாளில் எனக்கு நினைவிருப்பது அதுதான்.

‘காந்தாரா’வைத் தமிழில் பார்ப்பதா, கன்னடத்தில் பார்ப்பதா? (மல்லேஸ்வரம்)

இருபது வருடமாக மல்லேஸ்வரத்தில் இருந்துகொண்டு இதை என்னிடம் கேட்கிறீர்களே!

இரண்டே முக்கால் மணி நேரப் படங்கள் தேவையா அக்கா? (கோரமங்களா)

நேரம் பிரச்சினை இல்லை. ‘மெய்யழகன்’ 2024 செப்டம்பர் 27-ல் வந்தபோது கிட்டத்தட்ட மூன்று மணி நேரம். கார்த்தியும் அரவிந்த்சாமியும் ஒரு ராத்திரி முழுக்கப் பேசுகிறார்கள், அவ்வளவுதான் கதை. நான் இரண்டாவது நாளே போய்விட்டேன். நீளம் அதிகம் என்று பேச்சு வந்ததும் சில நாளில் பதினெட்டு நிமிடத்தை வெட்டினார்கள். அடுத்த வாரம் தங்கை பார்த்துவிட்டு போன் பண்ணினாள். நான் ரசித்துச் சொன்ன பேச்சு ஒன்றைக் காணோம் என்றாள். நான்தான் கற்பனை பண்ணிவிட்டேனோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

என் தொழிலில் அளவு ஜாக்கெட் என்று ஒன்று கொண்டு வருவார்கள். இதே மாதிரி தைத்துக் கொடுங்கள் என்பார்கள். அது அவர்கள் பத்து வருடம் முன்னால் போட்டது, பிரித்துப் பிரித்துப் பெரிசாக்கியது. நல்ல டெய்லர் அதைப் பார்த்து வெட்டமாட்டாள், ஆளைப் பார்த்து வெட்டுவாள். ‘மெய்யழகன்’ சொந்த ஊரைவிட்டுப் போன மனுஷனின் அளவுக்குத் தைத்த படம். தஞ்சாவூர் வீட்டை விட்டு வந்தவனுக்குப் பேச அத்தனை நேரம் வேண்டும்தானே? தியேட்டரில் முதல் நாள் யாரோ கொட்டாவி விட்டார்கள் என்று கத்தரியை எடுத்தது எனக்குச் சரியாகப் படவில்லை. வெட்ட வேண்டிய படங்கள் வேறு இருக்கின்றன. அவற்றில் பதினெட்டு நிமிடம் போதாது, பதினெட்டு நிமிடத்தை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை வெட்டலாம்.

‘கங்குவா’ பார்த்து காது வலித்ததா? (முர்ஃபி டவுன்)

தோள்பட்டைக்கு வைக்கிற பேட் பஞ்சு கைப்பையில் இருந்தது. தப்பித்தேன். சத்தத்தை இரண்டு புள்ளி குறைக்கச் சொல்லித் தயாரிப்பாளரே தியேட்டர்களைக் கேட்டுக்கொண்டார். நான் பார்த்த இடத்துக்கு அந்தச் செய்தி போய்ச் சேர்ந்த மாதிரித் தெரியவில்லை.

எங்கள் தாத்தா சாம்பியன் ரீஃப் தங்கச் சுரங்கத்தில் வேலை செய்தவர். ‘தங்கலான்’ எங்கள் கதையா? (தங்கவயல்)

என் அம்மாவும் சாம்பியன் ரீஃப்தான். அம்மாவின் அப்பா அங்கே பூமிக்கு அடியில் வேலை பார்த்தவர். சனிக்கிழமை மட்டும்தான் அவரை வெளிச்சத்தில் பார்ப்போம் என்று அம்மா சொல்வார். அதனால் ரஞ்சித் படம் எடுக்கிறார் என்றதும் 2024 ஆகஸ்டில் முதல் வாரமே குடும்பத்தோடு போனோம்.

பாதி நம் கதை. வட ஆற்காட்டிலிருந்து நிலம் இழந்த ஜனங்கள் வெள்ளைக்காரனுக்குப் பின்னால் தங்கம் தேடி நடக்கிற பகுதியில் என் அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. விக்ரம் உடம்பை உருக்கி நடித்ததும் நிஜம். மந்திரமும் மாயமும் ஆரம்பித்த பிறகு வசனம் எனக்குப் பாதி புரியவில்லை. “சுரங்கத்தைக் காட்டவே மாட்டேங்கிறானே” என்றார் அம்மா. அம்மா எதிர்பார்த்தது வேறு காலம். லிஃப்ட் கூண்டில் இறங்குகிற காலம், சைரன் ஊதினால் தெருவே வாசலில் வந்து நிற்கிற காலம். 2001-ல் சுரங்கத்தை மூடினார்கள். இன்றைக்கும் உங்கள் ஊர்ப் பிள்ளைகள் விடியற்காலையில் மாரிகுப்பத்தில் ரயில் ஏறி பெங்களூருக்கு வேலைக்கு வந்து ராத்திரி திரும்புகிறார்கள். அதை யாரும் இன்னும் எடுக்கவில்லை. உங்கள் ஊர்ப் பெயரையே தலைப்பாக வைத்து ஓடோ ஓடு என்று ஓடிய ‘கே.ஜி.எஃப்’ படத்தில் துப்பாக்கி இருந்த அளவுக்கு நம் ஆட்கள் இல்லை. அம்மா அதை டிவியில் பார்த்துவிட்டு, “இது எந்த ஊரு?” என்றார்.

தீபாவளிக்கு ‘டியூட்’, ‘பைசன்’ இரண்டும் ஒரே நாளில் வந்தன. எது? (கே.ஆர்.புரம்)

‘பைசன்’. ‘டியூட்’டில் சிரித்தேன், பிரதீப் ரங்கநாதனுக்கு அந்தத் துறுதுறுப்பு இருக்கிறது. ஆனால் ‘டிராகன்’ அளவுக்கு இல்லை. நாற்பத்தெட்டு அரியர் வைத்த அந்தப் பையனை எனக்குத் தெரியும், எங்கள் தெருவிலேயே இருக்கிறான்.

கதாநாயகி போட்ட ஜாக்கெட் வேண்டும் என்று இப்போதும் கேட்கிறார்களா? (சிவாஜி நகர்)

இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன்.

முன்னெல்லாம் படம் வந்தால் துணிக்கடையும் வளையல் கடையும் டெய்லரும் ஒன்றாகப் பிழைப்போம். 1985-ல் நதியா வந்தபோது நான் பள்ளிக்கூடம். நதியா கம்மல், நதியா பொட்டு, எல்லாமே நதியாதான். தொழில் கற்றுக்கொண்ட காலத்தில் குஷ்பு மாதிரி பஃப் கை வைத்தே என் விரல் தேய்ந்தது. அப்புறம் ஒரு பெரிய இடைவெளி. கதாநாயகிகள் சுடிதாருக்கும் ஜீன்ஸுக்கும் போய்விட்டார்கள். என்னிடம் வருபவர்கள் டிவி சீரியலில் வரும் மாமியார்கள் போடுகிற ஜாக்கெட்டைக் கேட்டார்கள், மருமகள் போடுவதைக்கூட இல்லை.

2022-ல் ‘பொன்னியின் செல்வன்’ வந்த பிறகு மறுபடி போனில் படம் காட்டுகிறார்கள். நந்தினி மாதிரி, குந்தவை மாதிரி. கல்யாணத்துக்கு என்றால் சரி. ஒரு பெண் ஐ.டி. ஆபீஸ் பொங்கல் விழாவுக்கு நந்தினி வேண்டும் என்றாள். தைத்தேன். போட்டுப் பார்த்துவிட்டு, கையைத் தூக்க முடியவில்லை என்றாள். நந்தினிக்கு மடிக்கணினி தட்டுகிற வேலை இல்லையேம்மா!

கன்னட நண்பரைக் கூட்டிப்போக ஒரு தமிழ்ப் படம்? (ஃப்ரேசர் டவுன்)

‘டூரிஸ்ட் ஃபேமிலி’. தியேட்டரில் ஓடி முடிந்துவிட்டது, வீட்டில் உட்கார வைத்துக் காட்டுங்கள். இலங்கையிலிருந்து படகில் வந்து சென்னையில் ஒளிந்து வாழ்கிற குடும்பம். பேச்சு மாறினால் மாட்டிக்கொள்வோம் என்று வாயைக் கட்டிக்கொண்டு இருக்கிறார்கள். வேறு ஊரில் போய் வாடகைக்கு வீடு தேடிய எந்த மொழிக்காரருக்கும் அது புரியும். சூர்யாவின் ‘ரெட்ரோ’ வந்த அதே மே 1-ல் இதுவும் வந்தது. முதல் படம் எடுக்கிற ஒரு சின்னப் பையன் இயக்கம். நான் ‘ரெட்ரோ’வுக்கு டிக்கெட் கிடைக்காமல்தான் இதற்குப் போனேன் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். சிம்ரனும் சசிகுமாரும் அந்தத் தெருவில் ஒவ்வொரு வீட்டுக்காரரிடமும் பழகுகிற விதத்தைப் பார்த்து, என் காஜா பெண் மூக்கைச் சிந்திக்கொண்டே இருந்தாள்.

பொங்கலுக்கு எந்தப் படம் அக்கா? ‘ஜன நாயகன்’ முதல் நாள் உண்டா? (அல்சூர்)

2025 கடைசியில் இதை எழுதும்போது, 2026 ஜனவரி 9-க்கு ‘ஜன நாயகன்’, 14-க்கு ‘பராசக்தி’ என்று அறிவித்திருந்தார்கள்; அந்தத் தேதிகள் பிறகு மாறிவிட்டன. விஜய்யின் கடைசிப் படம் என்பதால் நம் ஊர் டிக்கெட் விலை எங்கே போய் நிற்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. வினோத் இயக்கம் என்பதால் எனக்கு ஒரு நம்பிக்கை. ‘பராசக்தி’க்கு 1952-ல் சிவாஜி அறிமுகமான படத்தின் பெயரை எடுத்து வைத்திருக்கிறார்கள், அந்தப் பெயருக்குத் தைரியம் வேண்டும். சுதா கொங்கராவுக்கு அது உண்டு. ஸ்ரீலீலாவுக்குத் தமிழில் முதல் படம், நம்ம பெங்களூரு பொண்ணு வேறு.

ஆனால் ஜனவரி 14 வரைக்கும் எனக்கு ராத்திரி பன்னிரண்டு மணிக்கு முன்னால் மிஷினை விட்டு எழுந்திருக்க முடியாது. காணும் பொங்கல் கழிந்துதான் இரண்டும். அதுவரை கடைக்கு வருகிறவர்கள் தயவுசெய்து கதை சொல்லாதீர்கள். 2024-ல் ‘மகாராஜா’ முடிவைச் சொன்ன ஒரு பெண்ணின் ஜாக்கெட்டுக்கு ஹூக் வைக்காமல் கொடுத்துவிட்டேன். சத்தியமாக மறதிதான்.