வாடகைக்கு விட வாங்கிய ஃபிளாட்டுக்கு ரெரா பாதுகாப்பு உண்டா?

கேள்வி: நான் கோவையில் பணியாற்றுகிறேன். வாடகை வருமானத்தைக் கருதி, சென்னை ஓ.எம்.ஆர். பகுதியில் ஓர் அடுக்குமாடித் திட்டத்தில் 2020இல் இரண்டு ஃபிளாட்டுகள் வாங்க ஒப்பந்தம் செய்தேன். பிரிக்கப்படாத நிலப் பங்கு என் பெயரில் கிரயமாகிவிட்டது. கட்டுமான ஒப்பந்தமும் பதிவாகியுள்ளது. விலையில் 90 சதவீதம் வரை செலுத்திவிட்டேன். அதில் பாதி வங்கிக் கடன். சலுகைக் காலத்தையும் சேர்த்து 2023 செப்டம்பருக்குள் வீடுகளை ஒப்படைத்திருக்க வேண்டும். அதுவரை மாதந்தோறும் ஒரு தொகை தருவதாகத் தனிக் கடிதம் கொடுத்தவர்கள், எட்டு மாதங்கள் தந்துவிட்டு நிறுத்திவிட்டார்கள். நோட்டீஸ் அனுப்பினால், “நீங்கள் குடியிருக்க வாங்கியவர் அல்ல, முதலீட்டாளர்; ரெரா உங்களுக்குப் பொருந்தாது” என்று பதில் வருகிறது. பழைய ஒப்பந்தங்களை ரத்து செய்துவிட்டு, ஆண்டுக்கு 12 சதவீத வட்டியில் புதிய ‘முதலீட்டு ஒப்பந்தம்’ போடலாம் என்கிறார்கள். கையெழுத்திடலாமா?

பதில்: கையெழுத்திட வேண்டாம். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்படுத்தியது தாமதம் அல்ல, அந்தப் புதிய ஒப்பந்தம்தான்.

2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், அதாவது ரெரா, பாதுகாப்பது ‘ஒதுக்கீடு பெற்றவரை’. மனையோ அடுக்குமாடி வீடோ யாருக்கு ஒதுக்கப்பட்டதோ, விற்கப்பட்டதோ அவரும், அவரிடமிருந்து பின்னால் வாங்கியவரும் இதில் அடங்குவர் என்று பிரிவு 2(டி) கூறுகிறது. அது விலக்கிவைப்பது வாடகைக்குக் குடியிருப்பவரை மட்டுமே. வாங்கியவர் தாமே குடியேறப் போகிறாரா, வாடகைக்கு விடப் போகிறாரா, எத்தனை வீடுகள் வாங்கினார் என்ற கேள்விகளை அந்தப் பிரிவு எழுப்பவே இல்லை. நிலப் பங்கின் கிரயப் பத்திரமும் பதிவான கட்டுமான ஒப்பந்தமும் உங்கள் கையில் இருக்கும்வரை, பில்டர் உங்களை எந்தப் பெயரிட்டு அழைத்தாலும் நீங்கள் ஒதுக்கீடு பெற்றவர்தான். அவற்றை நீங்களே ரத்து செய்து வட்டி ஒப்பந்தம் போட்டுக்கொண்டால் நிலைமை தலைகீழாகிவிடும்: வீடு வாங்கியவராக இருந்த நீங்கள், ஈடு எதுவும் இல்லாமல் கடன் கொடுத்தவராக மாறிவிடுவீர்கள். 12 சதவீதம் என்ற எண்ணைக் காட்டி அவர்கள் கேட்பது இந்த மாற்றத்தைத்தான்.

‘முதலீட்டாளர்’ என்ற வாதம் முற்றிலும் காற்றில் பிறந்ததும் அல்ல. திவால் சட்டத்தின் கீழ் கட்டுமான நிறுவனத்துக்கு எதிராக நடவடிக்கை தொடங்கும் உரிமை வீடு வாங்குவோருக்கு உண்டென்றாலும், ஊக லாபத்துக்காகப் பணம் போட்டவர்கள் அந்த வழியைப் பயன்படுத்த முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பரில் தீர்ப்பளித்தது. உறுதி செய்யப்பட்ட வருமானம், திரும்ப வாங்கிக்கொள்ளும் ஷரத்து, வாங்கிய வீடுகளின் எண்ணிக்கை போன்றவை அதற்கான அடையாளங்களாகக் கொள்ளப்படுகின்றன. மாதத் தொகை தருவதாகச் சொல்லும் உங்கள் தனிக் கடிதம் அங்கே உங்களுக்கு எதிராகவே பேசும். மேலும், 2020இல் வந்த திருத்தத்தின்படி அந்த வழிக்கு ஒரே திட்டத்தில் 100 பேரோ, மொத்தம் வாங்கியவர்களில் 10 சதவீதம் பேரோ சேர்ந்து வர வேண்டும். ஆகவே அதை விட்டுவிடுங்கள். நுகர்வோர் ஆணையத்திலும், இரண்டு வீடுகளை ‘வணிக நோக்கில்’ வாங்கினீர்களா என்ற விவாதத்தில் ஆண்டுகள் கழியக்கூடும். நேரான வழி ரெரா ஆணையமே.

அங்கே நீங்கள் கேட்கக்கூடியதைப் பிரிவு 18 வரையறுக்கிறது. திட்டத்திலிருந்து விலகிப் பணத்தை வட்டியோடு திரும்பப் பெறலாம். அல்லது திட்டத்தில் நீடித்து, ஒப்படைக்கும் நாள்வரை ஒவ்வொரு மாதத் தாமதத்துக்கும் வட்டி பெறலாம். பாரத ஸ்டேட் வங்கி கடன் வட்டிக்கு அடிப்படையாகக் கொள்ளும் எம்.சி.எல்.ஆர். விகிதங்களில் உச்சமானதோடு 2 சதவீதம் கூட்டியதே வட்டி விகிதம். ஆள் பற்றாக்குறை, நிதி நெருக்கடி என்ற சமாதானங்கள் இங்கே பெரிதாக எடுபடாது. குறித்த காலத்தில் வீடு தரப்படாவிட்டால் பணத்தைத் திரும்பக் கேட்பது நிபந்தனையற்ற உரிமை என்று 2021 நவம்பரில் நியூடெக் புரமோட்டர்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது.

எதைத் தேர்ந்தெடுப்பது என்பது சட்டத்தை விடக் கணக்கைப் பொறுத்தது. திட்டத்தின் முன்னேற்றத்தை ஆணையத்தின் இணையதளத்தில் பாருங்கள். அதோடு நிற்காமல் ஒருமுறை நேரில் போய் எந்தத் தளம் வரை பூச்சு வேலை முடிந்திருக்கிறது என்றும் பாருங்கள். காகிதத்தில் ஏறிய கட்டடம் தரையில் ஏறாமல் நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். வேலை முடியும் தறுவாயில் இருந்தால், 2020 விலைக்கு வாங்கிய வீட்டைக் கைவிடுவது நஷ்டமாகலாம். கட்டடம் முடங்கிக் கிடந்தால் விலகுவதே நல்லது. ஒவ்வொரு ஃபிளாட்டுக்கும் தனித்தனி ஒப்பந்தம் இருந்தால், ஒன்றில் விலகி மற்றொன்றில் நீடிக்கவும் தடையில்லை. பெரும்பாலோர் இதை யோசிப்பதே இல்லை.

பணத்தைத் திரும்பப் பெறுவதற்கும் தாமத வட்டிக்கும் ‘எம்’ படிவத்தில் ஆணையத்திடம் மனுச் செய்ய வேண்டும். மன உளைச்சல் போன்றவற்றுக்கான இழப்பீட்டை ‘என்’ படிவத்தில் தீர்ப்பு வழங்கும் அலுவலரிடம் தனியே கேட்க வேண்டும். ஏற்கெனவே பெற்ற எட்டு மாதத் தொகையை மறைக்காமல் மனுவிலேயே சொல்லிவிடுங்கள். வட்டியில் அதைக் கழிக்கச் சொல்லி எதிர்த் தரப்பு கேட்கும், அதை நீங்களே முதலில் சொல்லியிருப்பது உங்கள் நம்பகத்தன்மைக்கு நல்லது. ஆணை கிடைத்தபின் பில்டர் மேல்முறையீடு செய்ய விரும்பினால், உங்களுக்குச் சேர வேண்டிய தொகை முழுவதையும் தீர்ப்பாயத்தில் கட்டிய பிறகே அவருடைய மனு விசாரிக்கப்படும். கட்டாமலும் கொடுக்காமலும் இருந்தால், நில வருவாய் நிலுவைபோல் மாவட்ட ஆட்சியர் வழியாக வசூலிக்கலாம். அந்த வசூல் வேகமாக நடக்கும் என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள்.

விலகுவதாக முடிவெடுத்தால் நிலப் பங்கை நீங்கள் திருப்பி எழுதிக்கொடுக்க வேண்டியிருக்கும். வட்டியோடு முழுத் தொகையும் வந்து சேர்ந்த அதே வேளையில் அந்தப் பத்திரம் பதிவாகும்படி ஆணையிலேயே கேட்டுப் பெறுங்கள். காசோலையை நம்பி முன்கூட்டிக் கையெழுத்திட வேண்டாம். மூலப் பத்திரங்கள் வங்கியிடம் இருப்பதால், வங்கிக்கு இப்போதே எழுத்தில் தகவல் கொடுத்து, கடன் பாக்கி எவ்வளவு என்ற கடிதத்தை வாங்கி மனுவோடு இணையுங்கள். வழக்கு நடக்கும் காலத்திலும் மாதத் தவணையை நிறுத்தாதீர்கள். பில்டரின் தவறு உங்கள் வங்கிக் கடனுக்குத் தானாகப் பதில் சொல்லாது.