கேபின் கேள்விகள்: படம் ஆடினால் முதலில் எதைப் பார்ப்பது?

கேள்வி: பழைய படங்களை 35 மி.மீ. பிரிண்டிலேயே திரையிடும் சிறு குழு எங்களுடையது. கொஞ்ச நாளாகப் படம் மேலும் கீழுமாக ஆடுகிறது. பிலிமை விளக்குக்கு முன்னால் அழுத்திப் பிடிக்கும் கேட்டின் ஸ்பிரிங்கை இறுக்கினால் சரியாகும் என்கிறார் எங்கள் ஆபரேட்டர். இறுக்கலாமா?

பதில்: தயவுசெய்து இப்போது இறுக்காதீர்கள். இறுக்கினால் ஆட்டம் சில காட்சிகளுக்கு அடங்கும், அது உண்மைதான். ஆனால் அந்த அழுத்தத்தை மீறிப் பிலிமை இழுக்க வேண்டியது, அதன் ஓரத் துளையில் மாட்டியிருக்கும் சக்கரத்தின் பல். துளையின் ஓரம் விரியும், பிறகு கிழியும், பல்லும் சேர்ந்து தேயும். இயந்திரத்துக்கு எங்காவது உதிரிபாகம் தேடிப் பிடித்துவிடலாம். உங்களிடம் இருக்கும் பிரிண்ட் உலகத்தில் மிஞ்சியிருக்கும் கடைசிப் பிரதியாகக்கூட இருக்கலாம்.

முதலில் திரையைப் பாருங்கள். திரையின் ஓரத்தை மறைக்கும் மாஸ்கிங் துணியை விலக்கிவிட்டு, கேட்டில் படத்தின் அளவுக்கு மட்டும் ஒளியை விடும் அபெர்ச்சர் தகட்டின் ஓரம் திரையில் தெரியும்படி செய்யுங்கள். அந்த ஓரமும் படமும் சேர்ந்தே ஆடினால் பிலிம் மேல் குற்றமில்லை. புரொஜெக்டரின் பீடமோ லென்ஸ் பிடிப்போ தளர்ந்திருக்கிறது, போல்ட்டை முடுக்கினால் போதும். ஓரம் அசையாமல் நிற்க, படம் மட்டும் ஆடினால்தான் பிலிம் போகும் பாதையைச் சந்தேகிக்க வேண்டும்.

அடுத்து, ஆட்டத்தின் தாளத்தைக் கவனியுங்கள். பிலிம் விநாடிக்கு 24 பிரேம் ஓடுகிறது. ஒரு பிரேமுக்கு ஒரு பக்கத்தில் 4 துளைகள். பிரேம்களை ஒவ்வொன்றாக இழுத்து நிறுத்தும் இண்டர்மிட்டெண்ட் சக்கரத்துக்கு 16 பற்கள். அப்படியென்றால் 4 பிரேமுக்கு ஒரு சுற்று, விநாடிக்கு 6 சுற்று. ஆட்டம் மாறாத ஒழுங்கோடு விநாடிக்கு 6 தடவை படபடவென்று வந்தால், அந்தச் சக்கரமோ, அதன் அச்சோ, அதைத் திருப்பும் மால்டீஸ் கிராஸின் நான்கு பள்ளங்களில் ஒன்றோ கெட்டிருக்கிறது. அது கைதேர்ந்த மெக்கானிக் வேலை, நீங்கள் பிரிக்க வேண்டாம். ஒழுங்கில்லாமல் எப்போதாவது குதித்தால் கேட்டில் படிவு, சின்னதாகிப்போன லூப் (கேட்டுக்கு மேலும் கீழும் பிலிம் தளர்ந்து நிற்கும் வளைவு), சரியாக ஒட்டாத ஒட்டு என்று தேடலாம்.

பற்களை டார்ச் வெளிச்சத்தில் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். நல்ல பல் இரு பக்கமும் ஒரே வளைவில் இருக்கும். தேய்ந்த பல் ஒரு பக்கம் குழிந்து கொக்கியாகியிருக்கும். கொக்கி விழுந்த பல் துளையை விட்டு விலகும்போது பிலிமையும் சேர்த்து இழுக்கும். சில இயந்திரங்களில் சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டினால் தேயாத பக்கம் வேலைக்கு வரும். பற்களுக்கு நடுவில் சேரும் தூளை எடுக்கப் பழைய பல்துலக்கும் பிரஷ்தான் சிறந்த கருவி. நான் இன்றும் அதைத்தான் பயன்படுத்துகிறேன்.

கேட்டில் கருப்பாகக் கெட்டிப்பட்டிருப்பது பெரும்பாலும் எமல்ஷன், அதாவது பிலிமில் படம் பதிந்திருக்கும் பூச்சு. புது பிரிண்டில் இது அதிகம் உதிரும். எமல்ஷன் என்பது ஜெலட்டின், தண்ணீரில் இளகிவிடும். ஈரத்துணியை வைத்துச் சற்று ஊறவிட்டு மரக்குச்சியால் தள்ளினால் வந்துவிடும். ஸ்டீல் எதுவும் கேட்டுக்கு அருகில் போகக் கூடாது. ஓர் அரங்கில் இதைத் திருப்புளியால் சுரண்டியிருந்தார்கள். சுரண்டிய இடத்தில் எழும்பிய பிசிறு, அப்புறம் அங்கே வந்த ஒவ்வொரு பிரிண்டின் துளை ஓரத்தையும் ரீல் முழுக்க உழுதுவிட்டது. கையில் பிடித்துப் பார்த்தபோது எனக்கு வயிறு எரிந்தது.

உங்களுடையது பழைய பிரிண்ட் என்பதால் இன்னொன்றும் பாருங்கள்: பிலிமே சுருங்கியிருக்கலாம். சுருங்காத பாலியெஸ்டர் லீடர் (ரீலின் முனையில் ஒட்டும் படமில்லாத பிலிம்) ஒன்றைப் பக்கத்தில் வைத்து, துளைக்குத் துளை பொருத்தி 100 துளை எண்ணுங்கள். கடைசியில் ஒரு துளைக்கும் அடுத்த துளைக்கும் உள்ள தூரம் முழுக்கத் தள்ளிப்போனால் 1 சதவீதச் சுருக்கம். நான் அந்த அளவுக்குப் போன பிரிண்டை இயந்திரத்தில் மாட்ட மாட்டேன்.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் ஸ்பிரிங். முழுக்கத் தளர்த்திவிட்டு, படம் நிலைக்கும் வரை கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். படம் நின்றதும் கையை எடுத்துவிடுங்கள்.

கேள்வி: புரொஜெக்டரின் ஜெனான் விளக்கை நாங்களே மாற்றலாமா? கையுறை மட்டும் போட்டால் போதும் என்கிறார்களே?

பதில்: போதவே போதாது. முகத்தையும் கழுத்தையும் மூடும் கவசம், தடித்த மேலங்கி, மணிக்கட்டைத் தாண்டும் கையுறை, மூன்றும் இல்லாமல் விளக்கு இருக்கும் பெட்டியின் கதவைத் திறக்காதீர்கள். ஜெனான் விளக்கு ஆறிக் கிடக்கும்போதே உள்ளே வாயு பல மடங்கு அழுத்தத்தில்தான் இருக்கிறது. எரியும்போது அது மூன்று மடங்கு வரை ஏறும். உடைந்தால் குவார்ட்ஸ் துண்டுகள் குண்டுச் சிதறல்போல் பறக்கும். உங்களோடு அறையில் நிற்பவருக்கும் கவசம் கொடுங்கள், இல்லையென்றால் வெளியே அனுப்புங்கள்.

காட்சி முடிந்ததும் விளக்கை அணைத்துவிட்டு, மின்விசிறியைக் குறைந்தது 15 நிமிடம் ஓடவிடுங்கள். வீட்டுக்குப் போகும் அவசரத்தில் மெயின் சுவிட்சை இறக்கிவிடுகிற பழக்கத்தால் செத்துப்போன விளக்குகள் ஏராளம். மாற்றுவதென்றால் நன்றாக ஆறட்டும், மின்சாரத்தைத் துண்டியுங்கள். விளக்கை இரு முனை உலோகத்தில் மட்டும் பிடிக்க வேண்டும். கண்ணாடியில் விரல் பட்டால் வியர்வை உப்பு சூட்டில் குவார்ட்ஸோடு சேர்ந்து எரிந்து அந்த இடம் பலவீனமாகும். தவறிப் பட்டுவிட்டால் பஞ்சு உதிராத துணியில் ஆல்கஹால் தொட்டுத் துடைத்த பிறகே ஏற்றுங்கள். நட்டை முடுக்கும்போது முறுக்கு கண்ணாடிக்குப் போகக் கூடாது. ஒரு முனை கெட்டியாக, மறுமுனை சூட்டில் நீள இடம்விட்டு நெகிழ்வாக. நேர்முனை எது, எதிர்முனை எது என்று ஒன்றுக்கு இரண்டு முறை பாருங்கள். மாற்றிக் கொடுத்தால் சில விநாடிகளில் புது விளக்கு போய்விடும்.

உத்தரவாத மணி நேரத்தைத் தாண்டி ஓட்டிக் காசை மிச்சப்படுத்தலாமா என்றும் கடிதத்தின் ஓரத்தில் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். விளக்கு வெடித்தால் அதைச் சுற்றி ஒளியைத் திருப்பி அனுப்பும் கண்ணாடியும் சேர்ந்து நாசமாகும். கழற்றிய பழைய விளக்கிலும் அழுத்தம் அப்படியே இருக்கிறது. புது விளக்கு வந்த உறையிலேயே அதைப் பூட்டி வையுங்கள், குப்பையில் போடாதீர்கள்.

கேள்வி: வசனத்துக்குப் பின்னால் எப்போதும் ஒரு 'உம்ம்' சத்தம். ஆம்ப்ளிஃபையரை மாற்ற வேண்டுமா?

பதில்: மாற்றுவதற்கு முன், விளக்கும், பிலிமின் ஓரத்திலிருக்கும் ஒலித்தடத்தைப் படிக்கும் ஒலித்தலையும் எரிந்துகொண்டிருக்க, பிலிம் இல்லாமல் கேட்டுப் பாருங்கள். அப்போதும் உம்மென்றால் மின்சாரக் கோளாறு. எர்த் இணைப்பு, ஒலித்தடத்தின் மேல் ஒளி பாய்ச்சும் எக்சைட்டர் விளக்கின் மின்வழங்கி என்று தேடுங்கள். 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் 100 ஹெர்ட்ஸ் சத்தத்தைக் கிளப்பும். பிலிம் ஓடும்போது மட்டும் சத்தம் வந்தால், ஒலித்தடத்தைப் படிக்க வேண்டிய ஒளிக்கோடு பக்கவாட்டில் நகர்ந்து துளைகளைப் படிக்கிறது. விநாடிக்கு 24 பிரேம், பிரேமுக்கு 4 துளை, ஆக 96 ஹெர்ட்ஸ். காதுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும், அதனால்தான் நல்ல ஆம்ப்ளிஃபையர்கள் வீணாகக் கழற்றப்படுகின்றன. எதிர்ப்பக்கம் நகர்ந்தால் பிரேம்களுக்கு நடுவில் இருக்கும் கோடுகளைப் படித்து 24 ஹெர்ட்ஸில் தடதடக்கும். ஒலித்தலைக்கு மேலே இருக்கும் பக்கவாட்டு உருளையைச் சரிசெய்தால் தீரும். இதற்கென்றே 'பஸ் டிராக்' என்ற சோதனைப் பிலிம் உண்டு. ஒரு பக்கம் தாழ்ந்த ஒலி, மறுபக்கம் உயர்ந்த ஒலி. இரண்டும் கேட்காத இடத்தில் உருளையை நிறுத்துங்கள்.

கேள்வி: டப்பாவைத் திறந்தால் காடி வாசனை அடிக்கிறது. பிரிண்டைத் துடைத்து ஓட்டலாமா?

பதில்: கூடாது. அசிட்டேட் அடித்தளம் சிதைந்து அமிலம் வெளியேறுகிற வாசனை அது. அந்த அமிலமே சிதைவை வேகப்படுத்தும், பக்கத்தில் இருக்கும் பிரிண்டுகளையும் பிடித்துக்கொள்ளும். இன்றே தனி அறைக்கு மாற்றுங்கள். குளிர்ச்சியும் காய்ந்த காற்றும் இருக்கட்டும், டப்பாவை இறுக மூட வேண்டாம். ஆவணக் காப்பகம் ஒன்றிடம் ஒப்படைக்க முடிந்தால் தாமதிக்காதீர்கள்.

கேள்வி: டிஜிட்டலுக்கு மாறிவிட்டோம். இனிப் பராமரிப்பே தேவையில்லை என்று விற்றவர்கள் சொன்னார்கள். ஆனால் படம் மங்கலாகிக்கொண்டே வருகிறது.

பதில்: பிலிம் போனது, தூசியும் சூடும் போகவில்லை. காற்று வடிகட்டியைக் கழற்றிப் பாருங்கள், கம்பளிபோல அழுக்கு ஏறியிருக்கும். காற்று போகாவிட்டால் இயந்திரம் சூடாகி, தன்னைக் காப்பாற்றிக்கொள்ள நடுக்காட்சியில் நின்றுவிடும். திரவத்தால் குளிரும் இயந்திரமானால் திரவத்தின் அளவையும் பாருங்கள்.

மங்கலுக்கு அடுத்த காரணம் கேபினுக்கும் அரங்குக்கும் நடுவில் இருக்கும் ஜன்னல் கண்ணாடி. லென்ஸை எல்லோரும் துடைக்கிறார்கள், இதை யாரும் நினைப்பதில்லை. இரண்டு பக்கமும் துடையுங்கள். லென்ஸுக்கு முதலில் காற்று ஊதும் பம்ப், பிறகு மென்மையான பிரஷ், கடைசியில்தான் திரவம். அதையும் துணியில் தொட வேண்டும், லென்ஸில் நேராக விடக் கூடாது, ஓரம் வழியாக உள்ளே இறங்கிவிடும்.

இவ்வளவுக்குப் பிறகும் மங்கலாக இருந்தால் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். வெள்ளைத் திரையின் நடுவில் சதுர மீட்டருக்கு 48 கேண்டெலா, அதாவது 14 ஃபுட்-லாம்பர்ட் வர வேண்டும். விளக்கோ லேசரோ வயதாக வயதாகக் குறைந்துகொண்டே போகும், தினம் பார்க்கும் கண்ணுக்கு அது தெரியாது. அளந்த எண்ணைத் தேதியோடு ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். அடுத்த முறை சேவைக்கு வருகிறவரிடம் முதலில் அந்த நோட்டைக் கொடுங்கள்.