குயில்ட்டுக்கும் எம்பிராய்டரிக்கும் ஒரே மெஷின் போதுமா?

கேள்வி: அக்கா, நான் அஞ்சாறு வருஷமா சாதா மெஷின்லதான் தைக்கிறேன். மிச்சத் துணிய வெட்டி ஒட்டுத்துணி குயில்ட் (நடுவுல பஞ்சு வெச்சுத் தைக்கற போர்வை) பண்ண ஆரம்பிச்சதுல இருந்து வேற எதுலயும் மனசு போகல. சின்ன சைஸ்ல தெரியல, பெரிய கட்டில் சைஸ் எடுத்ததும் மெஷின் திணறுது. எம்பிராய்டரியும் கத்துக்கணும். ரெண்டும் சேர்ந்த காம்போ மெஷின் வாங்கலாமா? 200 வகை தையல் வருதுன்னு சொல்றாங்களே, அத நம்பி வாங்கலாமா?

பதில்: 200 தையல மொதல்ல மறந்துடுங்கம்மா. குயில்ட்டுக்கு உங்களுக்கு வேணுங்கறது நல்ல நேர்த்தையல், ஒரு ஜிக்ஜாக், ஓரம் மடிச்சு அடிக்க ஒண்ணு ரெண்டு, அவ்ளோதான். மெஷின் முன்னாடி உக்காந்து நீங்க பாக்க வேண்டியது ஊசிக்கு வலது பக்கம் மெஷின் உடம்பு வரைக்கும் எவ்ளோ காலி இடம் இருக்குங்கறத. சாதா வீட்டு மெஷின்ல அது 6, 7 இஞ்ச் இருக்கும், குயில்ட்டுக்குன்னே வர்றதுல 9ல இருந்து 11 இஞ்ச், அதுக்கு மேலயும் இருக்கு. கேக்க சின்ன வித்தியாசம் மாதிரிதான் இருக்கும், ஆனா என் மொத பெரிய குயில்ட் அகலம் 60 இஞ்ச், நடுவுல தைக்கும்போது பாதி, அதாவது 30 இஞ்ச் துணி பஞ்சோட சேத்து சுருட்டி அந்த ஆறரை இஞ்ச் சந்துக்குள்ள போகணும், போச்சு, ஆனா அதுக்கப்பறம் கைய நகத்த இடமே இல்ல. தையல் ஒரு எடத்துல 3 மில்லிமீட்டர், அடுத்த எடத்துல 1 மில்லிமீட்டர்னு வந்துச்சு. நான் டென்ஷன், அதாவது நூல் இறுக்கம், கோளாறுன்னு நெனச்சு அந்த டயல ரெண்டு நாள் திருகிட்டே இருந்தேன். கடைசில பாத்தா டென்ஷன்ல ஒண்ணுமே இல்ல, மேசைக்குக் கீழ தொங்கிட்டிருந்த குயில்ட்டோட கனம் துணிய பின்னாடி போக விடாம புடிச்சு இழுத்துட்டிருந்துச்சு. இடது பக்கம் ஒரு மேசை, பின்னாடி ஒரு மேசை போட்டு துணி மொத்தத்தையும் மேல தூக்கி வெச்சதும் பாதி பிரச்சன தீந்துச்சு. மெஷின் மாத்துறதுக்கு முன்னாடி நீங்களும் இத ஒரு தடவ பண்ணிப் பாருங்க.

இடத்துக்கு அடுத்து பாக்க வேண்டியது, ஊசிக்குக் கீழ துணிய தள்ளுற பல்ல எறக்க முடியுதாங்கறது. பூ, வளைவுன்னு கை போற போக்குல தைக்க அந்தப் பல்லு எறங்கணும், துணிய நீங்கதான் நகத்துவீங்க. நேர்கோட்டுக்கு வாக்கிங் ஃபுட் (ஊசிகிட்ட துணிய அமுக்கிப் புடிக்கற பாதத்துல ஒரு வகை) கண்டிப்பா வேணும், மேல் துணியையும் கீழ் துணியையும் ஒரே வேகத்துல நகத்துறது அதுதான், இல்லன்னா மேல் துணி முன்னாடி நழுவி கடைசில சுருக்கம் விழும். ஓரத்துல கால் இஞ்ச் விட்டுத் தைக்க அளவு காட்டுற கால் இஞ்ச் ஃபுட்டும் கேளுங்க, ஒவ்வொரு தையல்லயும் ஒரு நூல் அளவு தப்பினாலும் பத்து கட்டம் சேத்ததும் முழு வரிசையே கோணலாகும். மெஷின நிறுத்தும்போது ஊசி துணிக்குள்ளயே நிக்கற மாதிரி வசதி இருந்தா திருப்பித் தைக்கறப்ப தையல் வெலகாது.

இப்ப எம்பிராய்டரி. அதுக்கு வேணுங்கறது வேற மாதிரி. அங்க அளவுகோல் ஹூப், அதாவது துணிய மாட்டுற சட்டத்தோட சைஸ்தான். 4க்கு 4 இஞ்ச் ஹூப்புல ஒரு பூ வரும், கொஞ்சம் நீளமான பேரு எழுதணும்னா எழுத்தெல்லாம் குட்டியாயிடும், ஹூப்ப விட பெரிய டிசைன் வேணும்னா துண்டு போட்டு ஹூப் மாத்தி மாத்தி நீங்களே பொருத்தணும், புதுசா கத்துக்கறவங்களுக்கு அது பெரிய தலவலி. அதனால 5க்கு 7ல ஆரம்பிங்க. டிசைன் ஃபைலும் கவனிக்கணும், பிரதர் மெஷின் பி.இ.எஸ். வகை ஃபைல படிக்கும், ஜனோமிக்கு ஜெ.இ.எஃப்., நீங்க வாங்குற மெஷின் எத படிக்குதுன்னு தெரிஞ்சுக்கிட்டு டிசைன் வாங்குங்க.

காம்போ வாங்கலாமான்னா, எம்பிராய்டரி ஓடுற நேரத்துல அதுல தைக்க முடியாது, அத மனசுல வெச்சுக்கோங்க. 20,000 குத்து உள்ள டிசைன் நிமிஷத்துக்கு 400 குத்து வேகத்துல ஓடுச்சுன்னா 50 நிமிஷம், அதுல 8 கலர்னா நடுவுல 7 தடவ நூல் மாத்தணும், அந்த நேரம் தனி. அதுவரைக்கும் உங்க குயில்ட் காத்திருக்கும். உங்க கடிதத்துல குயில்ட் பத்தி எழுதுன இடம்தான் சூடா இருக்கு, அதனால என் யோசன இதுதான்: இப்ப இடம் அதிகமுள்ள தையல் மெஷின் வாங்குங்க. ஆசை அடங்காம இருந்தா அப்பறமா எம்பிராய்டரிக்கு மட்டும் தனி மெஷின். பழைய மெஷின குடுத்துடாதீங்க, துண்டு சேக்குற வேலைக்கு அது இன்னும் ஓடும்.

கடைக்கு வெறுங்கையோட போகாதீங்க. அவங்க தர்ற கஞ்சி போட்ட ஒத்தத் துணில எந்த மெஷினும் அழகாத்தான் தைக்கும். நீங்க மேல்துணி, பஞ்சு, அடித்துணி மூணும் வெச்சு, நாலு கட்டம் சேர்ற தடிச்ச மூலை ஒண்ணு இருக்கற மாதிரி ஒரு துண்டு எடுத்துட்டுப் போங்க. அந்த மூலை மேல மெதுவா ஓட்டுங்க. ஊசி தயங்காம ஏறி எறங்குதா, தையல் சின்னதாகாம வருதான்னு பாருங்க, அப்பறம் திருப்பி அடிப்பக்கம் பாருங்க, அங்க நூல் வளையம் வளையமா தொங்கக் கூடாது.

கேள்வி: எம்பிராய்டரி முடிச்சு ஹூப்ப கழட்டுனதும் துணி சுத்தி சுருங்கிடுது. மெஷின் சரியில்லையா?

பதில்: பெரும்பாலும் மெஷின் காரணமில்ல. ஹூப் மாட்டுனப்பறம் ஓரத்தப் புடிச்சு துணிய இழுக்கறீங்களா? இழுத்த துணி கழட்டுனதும் பழைய அளவுக்குத் திரும்பும், மேல விழுந்த நூல் திரும்பாது, அதான் சுருக்கம். துணி சமமா இருந்தா போதும். துணி அசையாம இருக்க அடில வெக்கிற ஸ்டெபிலைசர் தாள் நீளுற பனியன் துணிக்கு வெட்டி எடுக்கற வகையா இருக்கணும், நீளாத துணிக்கு கிழிச்சு எடுக்கறது போதும். ஊசி 75/11 எம்பிராய்டரி ஊசி, கீழ் நூல் 60 நம்பர் போட்டுப் பாருங்க. பட்டையா நெருங்கி விழுற தையலோட அடிப்பக்கம் நடுவுல மூணுல ஒரு பங்கு கீழ் நூல் (பாபின் நூல்) தெரிஞ்சா டென்ஷன் சரின்னு அர்த்தம். குயில்ட்ல எம்பிராய்டரி வேணும்னா ஒத்தத் துணியா இருக்கும்போதே போட்டுடுங்க, கட்டத்த பெருசா வெட்டி, எம்பிராய்டரி முடிஞ்சப்பறம் அளவுக்கு வெட்டுங்க.

கேள்வி: வீட்ல பழைய இரும்பு மெஷின் ஒண்ணு கெடக்கு, நேர்த்தையல் மட்டும்தான். குயில்ட்டுக்கு ஆகுமா?

பதில்: தாராளமா ஆகும். அதோட ஊசித்தட்டுல ஓட்டை சின்ன வட்டமா இருக்கும், துணி உள்ள இழுபடாது, துண்டு சேக்க அத மாதிரி வராது. கைச்சக்கரம் தடையில்லாம சுத்துதா, பாபின் கேஸ் இன்னும் கெடைக்குதான்னு பாத்துட்டு, பஞ்சுத் தூசிய பிரஷ்ஷால எடுத்து எண்ணெய் போட்டு, புது 90/14 ஊசி மாத்தி, வீணாப்போற துணில அந்த எண்ணெய்க்கறை நிக்கிற வரைக்கும் ஓட்டிட்டு அப்பறம் உங்க நல்ல துணிய வைங்க.